செயல்முறைப் பண்பாடு: ஃபிரீமாண்ட் கார் ஆலையின் வரலாறு

ஒரு நிறுவனத்தின் வேலை தனியொருவரின் கைத்திறமையையோ மேலதிகாரியின் விரட்டலையோ நம்பி நடக்காமல், எல்லோரும் அறிந்த ஒரு முறைப்படி நடப்பதையும், பிழை நேர்ந்தால் ஆளைத் தேடுவதற்கு முன் முறையைச் சோதிப்பதையும் செயல்முறைப் பண்பாடு என்பர். மேலாண்மை பயிலும் மாணவர்களுக்கு இதன் எடுத்துக்காட்டாக அதிகம் சொல்லப்படும் இடம், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குப் பக்கத்தில் உள்ள ஃபிரீமாண்ட் நகரின் கார் ஆலையாகும்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1982இல் இந்த ஆலையை இழுத்து மூடியது. 1984 டிசம்பரில் அதே கட்டடத்தில், அதே தொழிற்சங்கத்துடன், பெரும்பாலும் அதே தொழிலாளர்களைக் கொண்டு ஒரு புதிய நிறுவனம் கார் செய்யத் தொடங்கியது. ஓரிரு ஆண்டுகளில் அது அமெரிக்காவின் சிறந்த கார் ஆலைகளுள் ஒன்றாகிவிட்டது. ஆட்கள் மாறவில்லை. மாறியது வேலை செய்யும் முறையும், அந்த முறையை எழுதும் உரிமை யாரிடம் இருந்தது என்பதும்தான். இரண்டாவது மாற்றத்தைக் கவனிக்காமல் முதல் மாற்றத்தை மட்டும் நகலெடுக்க முயன்றவர்கள் தோற்றார்கள். அவர்களில் முதன்மையானது, அந்த ஆலையில் பாதிப் பங்கு வைத்திருந்த ஜெனரல் மோட்டார்ஸே.

முறையை எழுதியவர்கள்

தொழிற்சாலை வேலையை நொடிக்கணக்கில் அளந்து, சிறந்த முறையைத் தாளில் எழுதி வைக்கும் வழக்கத்துக்குப் பெயர் பெற்றவர் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடெரிக் டெய்லர். அறிவியல்முறை மேலாண்மை பற்றிய அவரது நூல் 1911இல் வெளிவந்தது. சிந்திக்கும் வேலை முழுவதும் திட்டமிடும் அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும், தொழிலாளி எழுதிக் கொடுத்ததைச் செய்தால் போதும் என்பது அவர் கொள்கை.

அதே 1911 ஆகஸ்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரில் இருந்த அரசுப் படைக்கல ஆலையில் வார்ப்புத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். கூலி குறைந்தது என்பதல்ல அவர்கள் குறை. தங்கள் முதுகுக்குப் பின்னால் ஒருவன் கடிகாரத்தோடு நின்று கையசைவை அளப்பது தங்களை இழிவுபடுத்துகிறது என்றார்கள். விவகாரம் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை வரை சென்றது. பின்னர் அரசுப் படைக்கல ஆலைகளில் ஸ்டாப்வாட்ச் வைத்து வேலையை அளப்பதற்கே தடை வந்தது. செயல்முறைக்கும் தொழிலாளிக்கும் இடையே பகை என்றால் பலரும் சோம்பலைக் காரணம் காட்டுவார்கள். வாட்டர்டவுனில் நடந்ததைப் படிப்பவர்களுக்கு அது பொருந்தாது என்று தெரியும்.

ஹென்றி ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் 1913இல் நகரும் அசெம்பிளி லைன் வந்தபோது, முறை என்பது காகிதத்திலிருந்து இயந்திரத்துக்கு இடம் மாறியது. லைன் ஓடும் வேகமே வேலையின் வேகம். அந்த ஆண்டு அங்கே ஆள் மாறும் விகிதம் 370 விழுக்காடு. அதாவது 100 இடங்களில் ஓராண்டுக்குள் 370 முறை ஆள் மாறியது. 1914 ஜனவரியில் ஃபோர்டு ஒரு நாள் கூலியை 5 டாலராக உயர்த்தியதற்கு இதுவும் ஒரு காரணம். நல்ல கூலிக்கு ஈடாகச் சொன்னதைச் செய்வது, லைனை எக்காரணம் கொண்டும் நிறுத்தாமல் இருப்பது என்ற இந்த ஏற்பாடு அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு அமெரிக்கக் கார்த் தொழிலின் எழுதப்படாத சட்டமாக இருந்தது.

நூல் அறுந்தால் நிற்கும் தறி

ஜப்பானில் வேறொரு எண்ணம் நெசவுத் தறியிலிருந்து வந்தது. தச்சர் ஒருவரின் மகனான சகிச்சி டொயோடா 1924இல் செம்மைப்படுத்திய தானியங்கித் தறியில், ஓர் இழை அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். பிழையான துணி ஒரு விரல் நீளம்கூட நெய்யப்படாது. தறியைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க ஆள் வேண்டியதில்லை என்பதால், ஒரே தொழிலாளி பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் நிறுவனம் 1929இல் இந்தத் தறியின் உரிமையை வாங்கியது. அவர் மகன் கீச்சிரோ 1937இல் டொயோட்டா மோட்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். பிழை தெரிந்த கணமே நின்றுவிடுவது என்ற தறியின் குணம் கார் ஆலைக்கும் வந்து சேர்ந்தது. ஜப்பானிய மொழியில் இதை ஜிடோகா என்பார்கள்.

ஆனால் அது தானாக வந்துவிடவில்லை. போருக்குப் பின் டொயோட்டா திவாலாகும் நிலைக்குச் சென்றது. 1950இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். கீச்சிரோ பொறுப்பேற்றுப் பதவி விலகினார். எஞ்சியவர்களை இனி வெளியே அனுப்புவதில்லை என்ற நடைமுறை அந்தக் காயத்திலிருந்து பிறந்தது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் அடிமனை. தன் வேலையை எளிதாக்கும் வழியைச் சொன்னால் தன் வேலையே போய்விடும் என்று அஞ்சுகிறவரிடம் எந்த யோசனையும் கேட்க முடியாது.

இந்த அடிமனையின்மேல் முறையைக் கட்டியவர் தைச்சி ஓனோ (1912–1990). டொயோடா குடும்பத்தின் நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்து 1943இல் கார் நிறுவனத்துக்கு வந்தவர். தேவையான பொருள் தேவையான நேரத்தில் மட்டும் வர வேண்டும் என்பதற்காகக் கன்பான் என்னும் அட்டை முறையை வளர்த்தவர் என்றே பலரும் அவரை அறிவார்கள். செயல்முறைப் பண்பாட்டைப் பொறுத்தவரை அவரது வேறொரு பிடிவாதம் முக்கியமானது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் இருக்க வேண்டும். ஒரு சுற்று வேலைக்கு எவ்வளவு நேரம், எந்த வரிசையில் செய்ய வேண்டும், கையில் எத்தனை பொருள் இருக்கலாம் என்ற மூன்றும் அதில் இருக்கும். அந்தத் தாளை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதக்கூடாது, வேலை நடக்கும் இடத்தில் உள்ளவர்களே எழுத வேண்டும் என்றார். எழுதியதை அடிக்கடி மாற்றாவிட்டால் எரிச்சலடைந்தார்.

டொயோட்டா இதையெல்லாம் ஒற்றைக்குத் தானே கண்டுபிடித்துவிடவில்லை. வேலையைக் கற்றுக்கொடுக்கும் முறையையும் வேலையைச் சீர்திருத்தும் முறையையும் மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்றுவிக்க அமெரிக்க அரசு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு திட்டம் நடத்தியது. போர் முடிந்ததும் அமெரிக்கா அதைக் கைவிட்டது. ஜப்பானை ஆண்ட நேச நாட்டு நிர்வாகம் அங்கே கொண்டுபோய்க் கொடுத்தது. டொயோட்டா 1950களின் தொடக்கத்தில் அதை எடுத்துக்கொண்டு விடாமல் பிடித்துக்கொண்டது. தொழிலாளர் யோசனைத் திட்டத்தை 1951இல் ஃபோர்டைப் பார்த்துத்தான் தொடங்கியது. அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் 1950இல் ஜப்பானில் ஆற்றிய சொற்பொழிவுகளின் நினைவாக நிறுவப்பட்ட டெமிங் பரிசை டொயோட்டா 1965இல் பெற்றது. (சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998இல் இந்தப் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அது கிடைத்தது அப்போதுதான் முதல் முறை.)

பழைய ஃபிரீமாண்ட்

ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிரீமாண்ட் ஆலை 1963இல் இயங்கத் தொடங்கியது. 1978இல் அங்கே 7,000க்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். வேலை எப்படி நடக்க வேண்டும் என்று எழுதுவதற்கென்றே சுமார் 80 தொழிலகப் பொறியாளர்கள் இருந்தார்கள். ஆக, எழுதப்பட்ட செயல்முறைக்கு அங்கே பஞ்சமில்லை. அதை மதிப்பவர்தான் யாரும் இல்லை. பொறியாளர் வகுத்த முறையைத் தொழிலாளி தன் போக்கில் மாற்றிக்கொள்வார். கண்டுபிடித்த நல்ல குறுக்குவழியைச் சொன்னால் கூடுதல் வேலை தலையில் விழும் என்பதால் மறைத்துக்கொள்வார். மேற்பார்வையாளருக்குக் கணக்கு ஒன்றே ஒன்று: இன்று எத்தனை கார் வெளியே போயிற்று?

எந்த ஒரு நாளிலும் ஏறத்தாழ 20 விழுக்காட்டினர் வேலைக்கு வரவில்லை. திங்கட்கிழமை காலையில் லைனைத் தொடங்க ஆள் போதாமல் எதிரே இருந்த மதுக்கடைக்குச் சென்று ஆட்களை அழைத்து வருவார்கள் என்று அங்கே பணிபுரிந்தோர் பின்னாளில் வானொலிக்கு அளித்த பேட்டியில் கூறினர். தீர்க்கப்படாத புகார் மனுக்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. முன்னறிவிப்பில்லாத வேலைநிறுத்தங்கள் ஆலையைப் பலமுறை மூட வைத்தன. வேண்டுமென்றே போல்ட்டை முடுக்காமல் விடுவதும், ஓடும்போது கடகடவென்று சத்தம் வரட்டும் என்று கதவின் உட்புறத்தில் காலிப் புட்டியைப் போட்டு மூடுவதும் நடந்தன. வாங்கிய காருக்குள் அந்தப் புட்டி உருண்டது யாரோ ஒரு குடும்பத்தின் பயணத்தில் என்பதை அன்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

லைன் மட்டும் நிற்காது. இருக்கையை மாற்றிப் பொருத்தியிருந்தாலும், ஒரு பாகம் இல்லாமலே போனாலும், கார் அடுத்த இடத்துக்கு நகர்ந்துகொண்டேயிருக்கும். கடைசியில் வெளியே நிறுத்திப் பிரித்துச் சரிசெய்வார்கள். சாதாரணத் தொழிலாளி லைனை நிறுத்துவது வேலை பறிபோகும் குற்றமாகவே கருதப்பட்டது.

எண்ணெய் நெருக்கடியும் ஜப்பானியச் சிறிய கார்களின் வரவும் சேர்ந்து அடித்தபோது, 1982 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. அமெரிக்காவின் மிக மோசமான தொழிலாளர்கள் இங்கேதான் இருந்தார்கள் என்ற பெயர் மட்டும் எஞ்சியது.

நும்மி

1981இல் ஜப்பானியக் கார் இறக்குமதிக்கு உச்சவரம்பு வந்திருந்தது. அமெரிக்க மண்ணிலேயே கார் செய்தாக வேண்டிய நெருக்கடி டொயோட்டாவுக்கு. லாபத்தில் சிறிய கார் செய்யத் தெரியாத குறை ஜெனரல் மோட்டார்ஸுக்கு. டொயோட்டாவின் எய்ஜி டொயோடாவும் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ரோஜர் ஸ்மித்தும் 1983 பிப்ரவரியில் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். ஆலையை டொயோட்டா நடத்தும், விற்பனையில் ஜெனரல் மோட்டார்ஸ் கைகொடுக்கும். நியூ யுனைடெட் மோட்டார் மேனுஃபேக்சரிங் என்ற முழுப்பெயரின் சுருக்கமாக நும்மி என்று அது அழைக்கப்பட்டது. முதல் தலைவர் தட்சுரோ டொயோடா.

பழைய தொழிலாளர்களையே எடுக்க வேண்டும் என்று ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கம் வற்புறுத்தியது. டொயோட்டா தயங்கிய பின் ஒப்புக்கொண்டது. தொழிலாளர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் பழைய ஃபிரீமாண்ட் ஆட்கள். சங்கத்தின் தீவிரமான தலைவர்களும் அவர்களில் அடக்கம்.

குழுத் தலைவர்களாக வரவிருந்த சுமார் 450 பேர் மூன்று வார காலம் ஜப்பானின் தகஓகா ஆலைக்கு அனுப்பப்பட்டனர். அங்கே அவர்கள் வகுப்பில் உட்காரவில்லை. ஜப்பானியத் தொழிலாளி ஒருவரின் பக்கத்தில் நின்று வேலை செய்தார்கள். வேலையில் பின்தங்கினால் யாரோ வந்து உதவினார்கள், திட்டவில்லை. பின்பு, இந்த வேலையை எளிதாக்க என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். சொன்ன யோசனைக்கான கருவி சற்று நேரத்தில் செய்யப்பட்டு வந்து நின்றதை, இருபது ஆண்டுகள் கார் ஆலையில் கழித்தும் இப்படி ஒருவரும் கேட்டதில்லை என்ற வியப்போடு பலரும் நினைவுகூர்ந்துள்ளனர்.

ஃபிரீமாண்டில் வெளிப்படையாகத் தெரிந்த மாற்றங்கள் சில. அதிகாரிகளுக்கான தனி உணவறையும் தனி வாகன நிறுத்தமும் ஒழிந்தன. 80க்கும் மேற்பட்டு இருந்த உற்பத்தித் தொழிலாளர் பிரிவுகள் ஒன்றாகச் சுருங்கின. ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட குழுக்கள் அமைந்தன. இவையெல்லாம் படம் எடுத்துக் காட்டக்கூடியவை. அதனால்தான் பார்வையாளர்கள் இவற்றையே பார்த்தார்கள்.

ஆழமான மாற்றம் ஸ்டாப்வாட்ச்சில் இருந்தது. வாட்டர்டவுனில் கலகத்துக்குக் காரணமான அதே கருவி நும்மியில் தொழிலாளர் கையிலேயே கொடுக்கப்பட்டது. குழுவினர் ஒருவரை ஒருவர் அளந்தார்கள். வேலையைச் சிறு சிறு அசைவுகளாகப் பிரித்து, எது பாதுகாப்பானது, எது விரைவானது, எது நாள் முழுக்கத் தாங்கக்கூடியது என்று பார்த்தார்கள். மற்ற ஷிப்டில் அதே வேலையைச் செய்பவர்களோடு ஒப்பிட்டார்கள். ஒத்துவந்ததைத் தாளில் எழுதி ஒட்டினார்கள். மறுநாள் ஒருவருக்கு இன்னும் நல்ல வழி தோன்றினால் தாள் மாறும். தொழிலகப் பொறியாளர் என்ற பதவியே அங்கே இல்லை. இந்த ஆலையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பேராசிரியர் பால் ஆட்லர், நும்மியின் வேலை டெய்லர் கனவு கண்டதைவிடவும் கறாராக நொடிக்கு நொடி வகுக்கப்பட்டிருந்தது என்று காட்டினார். விதிகள் குறைந்தால் மனிதர் மகிழ்வர் என்ற பொதுவான எண்ணத்துக்கு இது நேர்மாறு. பின்னாளில் ஆட்லரும் அவர் சக ஆய்வாளரும் அலுவல் ஒழுங்கை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று ஆளைக் கட்டிப்போடுவது, மற்றது வேலைக்குக் கைகொடுப்பது. இரண்டிலும் தாள் ஒன்றுபோலவே இருக்கும்.

இரண்டாவது மாற்றம் ஒரு கயிறு. ஆன்டன் என்ற ஜப்பானியச் சொல்லுக்குக் காகித விளக்கு என்று பொருள். லைன் நெடுகிலும் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை யார் இழுத்தாலும் விளக்கு எரியும், ஒரு மெட்டு ஒலிக்கும், குழுத் தலைவர் ஓடி வருவார். கார் அந்தக் கட்டத்தைக் கடப்பதற்குள் சிக்கல் தீர்ந்தால் லைன் நிற்காது. தீராவிட்டால் நின்றுவிடும். நிறுத்துவதைக் குற்றமாகப் பார்த்த இடத்தில், நிறுத்தாமல் விடுவது தவறாயிற்று. தொடக்கத்தில் தொழிலாளர்கள் கயிற்றைத் தொடவே அஞ்சினார்கள் என்பதில் வியப்பில்லை. ஒருவர் முதல் முறை இழுத்தபோது என்ன நடந்தது என்பதை மற்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர் யார் செய்தது என்று கேட்காமல் என்ன ஆயிற்று என்று கேட்டது, பத்துப் பயிற்சி வகுப்புகள் செய்யாததைச் செய்தது.

டொயோட்டாவின் ஜப்பான் தலைமையகத்தில் பணியாற்றி இந்தப் பயிற்சியை அமைத்தவர்களுள் ஒருவரான அமெரிக்கர் ஜான் ஷூக், முதலில் எண்ணத்தை மாற்றிப் பிறகு நடத்தையை மாற்றலாம் என்பது வீண், நடத்தையை மாற்றினால் எண்ணம் பின்னால் வரும் என்று 2010இல் எழுதினார். அவர் சுட்டிக்காட்டும் சான்று இந்தக் கயிறுதான்.

மூன்றாவது, ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வாசகம். நிறுவனத்தின் உயிருக்கே ஆபத்து வந்தாலொழிய ஆட்குறைப்பு இல்லை. அப்போதும் வெளியே கொடுத்த வேலைகளை முதலில் உள்ளே கொண்டுவர வேண்டும், மேலதிகாரிகளின் சம்பளத்தை முதலில் குறைக்க வேண்டும். 1987–88இல் இது சோதனைக்கு வந்தது. ஆலையின் முதல் காரான செவர்லே நோவா சரியாக விற்கவில்லை. உற்பத்தி பெருமளவு குறைந்தது. பழைய வழக்கப்படி என்றால் வாயிலில் ஆட்குறைப்புப் பட்டியல் தொங்கியிருக்கும். நும்மி ஒருவரையும் அனுப்பவில்லை. வேலை இல்லாத நேரத்தில் தொழிலாளர்களைப் பயிற்சியிலும் முறைகளைச் சீர்செய்வதிலும் ஈடுபடுத்தியது. 1950இல் டொயோட்டாவுக்குக் கிடைத்த பாடம் கடல் கடந்து காப்பாற்றப்பட்டது. இதற்குப் பிறகுதான் பல தொழிலாளர்கள் நிறுவனத்தை உண்மையாகவே நம்பத் தொடங்கினார்கள்.

பலன்களை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 1980களின் நடுவில் அளந்தார்கள். ஒப்பிடத்தக்க வேலையளவில் ஒரு காரைப் பொருத்த ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிரேமிங்ஹாம் ஆலைக்கு 31 மணி நேரம் ஆயிற்று. தகஓகாவுக்கு 16, நும்மிக்கு 19. நூறு கார்களுக்கு நேர்ந்த பிழைகள் ஃபிரேமிங்ஹாமில் 130க்கு மேல், தகஓகாவிலும் நும்மியிலும் 45. வேலைக்கு வராதோர் விகிதம் 20 விழுக்காட்டிலிருந்து 3, 4 விழுக்காடாகக் குறைந்தது. புதிய இயந்திரங்கள் பெரிதாக எதுவும் இதற்குக் காரணமில்லை. அதே ஆண்டுகளில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளில் ரோபோக்களுக்குக் கோடிக்கணக்கில் கொட்டிக்கொண்டிருந்தது.

ஐம்பத்தேழு நொடிகள்

இந்தக் கதையை வெற்றிக்கதையாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. பழைய ஃபிரீமாண்டில் ஒரு நிமிடத்தில் 45 நொடி வேலை இருந்தது என்றும், நும்மியில் அது 57 நொடி என்றும் தொழிலாளர்கள் சொன்னார்கள். நடுவில் மூச்சு விடக் கிடைத்த 15 நொடி 3 ஆகியது. மைக் பார்க்கர், ஜேன் ஸ்லாட்டர் என்ற தொழிற்சங்க எழுத்தாளர்கள் இதை நெருக்கடியால் ஆளும் மேலாண்மை என்று 1988இல் கண்டித்தார்கள். முறையை எழுதுவது தொழிலாளியே என்றாலும், மிச்சமாகும் நொடி யாருக்குப் போகிறது என்பது அவர்கள் கேள்வி. நிர்வாகத்தோடு சங்கம் அளவுக்கு மீறி இணங்குகிறது என்று குறைகூறிய ஓர் அணி சங்கத் தேர்தல்களில் வலுவாகவே இருந்தது.

1993இல் புதிய மாதிரி கார் ஒன்றை அறிமுகம் செய்தபோது இந்தக் குறை வெளிச்சத்துக்கு வந்தது. உடல் தாங்காத அசைவுகளால் வரும் காயங்களுக்குப் போதிய கவனம் தரவில்லை என்று தொழிலிடப் பாதுகாப்புத் துறை நும்மியின் மீது நடவடிக்கை எடுத்தது. அவசரத்தில் கயிறும் தாளும் செயலிழந்திருந்தன. அடுத்த மாதிரியை இரண்டு ஆண்டுகள் கழித்து அறிமுகம் செய்தபோது, வடிவமைப்புக் கட்டத்திலேயே தொழிலாளர்களை உட்கார வைத்து உடல்வலி தரும் வேலைகளை முன்கூட்டியே மாற்றினார்கள். அது நன்றாகவே நடந்தது. அரசு தலையிட்ட பிறகே அது நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆயினும் பழைய நிலைமைக்குத் திரும்ப விரும்புகிறோம் என்று சொன்ன தொழிலாளர்களை ஆய்வாளர்கள் அதிகம் சந்திக்கவில்லை. குறைகூறிய அணியும் பழைய முறையைத் திரும்பக் கேட்கவில்லை. இந்த முறையில் எழுதியிருப்பதை நிர்வாகமும் கடைப்பிடிக்க வேண்டும் என்றே கேட்டது.

நகலெடுக்க முடியாத ஆலை

ஜெனரல் மோட்டார்ஸ் தன் மேலாளர்கள் 16 பேரைத் தொடக்கத்தில் நும்மிக்கு அனுப்பியிருந்தது. கற்றுக்கொண்டு திரும்பியவர்களை ஒன்றாக ஓர் ஆலையில் போடாமல் வெவ்வேறு இடங்களுக்குச் சிதறடித்தது. போன இடத்தில் அவர்கள் பேச்சைக் கேட்பார் இல்லை. நும்மியின் ஒவ்வோர் அங்குலத்தையும் படமெடுத்து வந்து அப்படியே செய்துவிடுங்கள் என்று ஓர் உயர் அதிகாரி உத்தரவிட்டதாக, நும்மியில் பணியாற்றிய மேலாளர் ஒருவர் பின்னாளில் வானொலியில் சொன்னார்.

லாஸ் ஏஞ்சலிஸ் அருகே இருந்த வான் நைஸ் ஆலையில் குழு முறை கொண்டுவரப்பட்டது. கயிறும் மாட்டப்பட்டது. இழுத்தால் மேற்பார்வையாளர் முகம் சுளித்தார். அவருடைய ஊக்கத்தொகை அப்போதும் கார்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே இருந்தது. வரைபடத்தில் உள்ள பிழையால் ஒரு பாகம் பொருந்தவில்லை என்று ஆலை தெரிவித்தால், நும்மியில் டொயோட்டாவின் பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸில் அந்தக் கடிதம் தலைமையகத்தில் காணாமல் போனது. வேலை மூப்புரிமை போய்விடும் என்று தொழிலாளர்களும் அஞ்சினார்கள். ஆலை மூடப்படும் என்ற பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த இடத்தில் அந்த அச்சத்தைக் குறைசொல்ல முடியாது. 1992இல் வான் நைஸ் மூடப்பட்டது.

ஃபிரீமாண்டில் மாற்றம் எளிதாக நடந்ததற்கு அங்கே ஏற்கெனவே எல்லாம் அழிந்திருந்ததும் காரணம். இரண்டு ஆண்டுகள் வேலையிழந்து நின்றவர்கள் அவர்கள். வான் நைஸில் யாரும் எதையும் இன்னும் இழக்கவில்லை. அதிகாரிகள் தங்கள் அதிகாரத்தையும், தொழிலாளர்கள் தங்கள் பழைய பாதுகாப்பையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கற்கவே முடியாது என்பதும் இல்லை. ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் ஐசனாக் நகரில் 1992இல் தொடங்கப்பட்ட ஓப்பல் ஆலையை, நும்மியில் பயின்றவர்கள் முதலிலிருந்தே இந்த முறையில் கட்டி எழுப்பினார்கள். அது ஜெனரல் மோட்டார்ஸின் மிகச் சிறந்த ஆலைகளுள் ஒன்றாயிற்று. அமெரிக்க ஆலைகளும் 1990களின் பிற்பகுதியிலிருந்து மெல்ல மெல்ல மாறின. 2000களில் அவற்றின் கார்கள் முன்பைவிட நன்றாகவே இருந்தன. அதற்குள் வாடிக்கையாளர்களில் ஒரு தலைமுறை வேறு நிறுவனங்களுக்குப் போய்விட்டிருந்தது.

மூடல்

2009 ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் திவால் பாதுகாப்பு கோரியது. அந்த ஆண்டிலேயே நும்மியிலிருந்து விலகிக்கொண்டது. தனியே நடத்த டொயோட்டா விரும்பவில்லை. ஆட்குறைப்பு இல்லை என்ற வாசகத்தை நம்பி கால் நூற்றாண்டு வேலை செய்தவர்களுக்கு இது கசப்பாகவே முடிந்தது.

டொயோட்டாவுக்கும் அது நல்ல காலமாக இல்லை. பெருந்தொகையான கார்களைக் குறைபாட்டுக்காகத் திரும்ப அழைக்க நேர்ந்தது. 2010 பிப்ரவரி 24 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் வந்த தலைவர் அகியோ டொயோடா, ஆட்களையும் அமைப்பையும் வளர்க்க முடிந்த வேகத்தைவிட வேகமாக நிறுவனம் வளர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார்.

ஐந்து வாரங்கள் கழித்து, 2010 ஏப்ரல் 1 அன்று, ஃபிரீமாண்டின் கடைசிக் கார் லைனை விட்டு இறங்கியது. அது ஒரு டொயோட்டா கொரோலா. அதுவரை அங்கே செய்யப்பட்ட வாகனங்கள் ஏறத்தாழ 80 லட்சம். வேலையிழந்தவர்கள் 4,700 பேர். ஆலை மூடப்போவது பல மாதங்களுக்கு முன்பே தெரிந்திருந்தும், இறுதிவரை கார்களின் தரம் குறையவில்லை. அடுத்த மாதம் அந்தக் கட்டடத்தை டெஸ்லா நிறுவனம் 4.2 கோடி டாலருக்கு வாங்கியது.